பதவி போயிற்று, தோழமை நின்றது
டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் வரலாறு



ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு நம் சங்கத்துச் செயலாளர் நம்மைப் பணித்தார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, இரயில்வேயில் பேரேடுகளைப் புரட்டியே காலம் கழித்துவரும் நமக்கு இப்பணி தகுமோ என்று முதலில் அஞ்சினோம். ஆயினும் எவரைப் பற்றி எழுதுவது என்பதில் நமக்கு ஐயம் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து, பின்னர் இக்கோபர்கைரனேயில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ புற்றுநோயுற்ற உறவினர் ஒருவர் பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை நாடி வருவார். தாணா சென்று வண்டி மாறிப் பரேலில் இறங்கி, அவரை அழைத்துச் செல்பவர் யார்? நம் வீட்டுப் பெண்களே. ஒருவர் விடியுமுன் சோறு கட்டித் தருகிறார். ஒருவர் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்கிறார். இந்தியும் மராத்தியும் நன்கு பேசும் ஒருவர் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கிறார். இதற்கென அவர்கள் கூட்டம் கூட்டியதில்லை, தீர்மானம் எழுதியதில்லை. எனினும் வேலை நடந்துவிடுகிறது.

இத்தகைய தோழமையைப் பெருக்கி, அதனைக் கொண்டே சட்டத்தை மாற்றி, ஆதரவற்ற சிறுமியர்க்கு இல்லம் அமைத்து, தென்னாட்டில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையையும் எழுப்பிய தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் உயர்ந்த நிலையில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்திற்கு உட்பட்டிருந்த இசை மரபினர். இத்திருமணத்தால் தந்தையாரைச் சுற்றத்தார் ஒதுக்கினர். ஆகவே ஊர் விலக்கம் என்பது எத்தகையது என்பதை முத்துலட்சுமி ஏட்டில் படித்து அறியவில்லை. தம் வீட்டு முற்றத்திலேயே கண்டார்.

பெண்மக்கள் பருவம் எய்தியவுடன் பள்ளியை விட்டு நிற்பதே அந்நாளைய வழக்கம். முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விழைந்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆண்கள் மட்டுமே பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணுக்கு இடமளித்தல் தகாது என்றனர் பலர். அவர் தாயின் குலத்தைச் சுட்டியும் சிலர் பேசினர். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி நல்கினார்; உதவித் தொகையும் அளித்தார். நாட்டை ஆளும் மன்னர் துணிந்து ஒரு கதவைத் திறந்துவிட்டார். அக்கதவைப் பின்வரும் பெண்களுக்கும் திறந்தே வைத்திருப்பது தம் கடன் என்று அம்மையார் கொண்டார். இதுவே அவர் வாழ்வின் அடிப்படை எனலாம்.

1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். சென்னை அரசினர் தாய்மார் மருத்துவமனையில் முதல் பெண் உள்ளுறை மருத்துவராகப் பணியேற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். இருவரும் சமமானவர்களாக வாழ்தல் வேண்டும். தம் பொதுப்பணிக்குத் தடை நேர்தல் ஆகாது. இவ்விரண்டையும் கணவர் ஏற்ற பின்னரே அம்மையார் திருமணத்திற்கு இசைந்தார். இன்றும் நம்மில் எத்தனை ஆடவர் இவ்வாறு உளமார இசைவோம் என்று எண்ணிப் பார்த்தால், நாம் சற்றுத் தலைகுனிய நேரிடும்.

தோழியரைத் தேடிய விதம்

கல்லூரி நாட்களிலேயே கவியரசி சரோஜினி நாயுடுவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவர் வாயிலாகப் பெண்கள் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினார். 1917ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர், அன்னி பெசன்ட் ஆகியோர் அதனை நிறுவினர். முத்துலட்சுமி அச்சங்கத்தோடு தம்மைப் பிணைத்துக் கொண்டார்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். பெரிய மனிதரை அறிந்து வைத்திருப்பதும், விழாக்களில் அவர் அருகே நின்று படம் எடுத்துக் கொள்வதும், நமக்கு ஒரு காரியம் ஆகவேண்டிய நாளில் அவர் வாயிற்படி ஏறுவதும் எல்லா ஊரிலும் உண்டு. அதனைப் பழக்கம் எனலாம். தோழமை எனல் இயலாது. அம்மையார் சங்கத்திற்கு வந்தபோது கையில் விண்ணப்பம் ஏந்தி வரவில்லை. தொழிலை ஏந்தி வந்தார். அவர் மருத்துவர். பேறுகால அறையில் ஏழைப் பெண்களின் துன்பத்தை நாள்தோறும் கண்டவர். குழந்தை மணத்தால் சிறுமியர் உடல் நலிவதைக் கண்ணாரக் கண்டவர். தாம் கண்டதைச் சங்கத்திற்கு அளித்தார். சங்கத்தார் பிற ஊர்களில் உள்ள கிளைகளையும், ஏடு நடத்தும் ஆற்றலையும், நாட்டின் தலைவர்களோடு பேசும் வாய்ப்பையும் அவருக்கு அளித்தனர். ஒருவரிடம் உள்ளது மற்றவருக்குப் பயன்பட்டது. இருவருக்கும் நோக்கம் ஒன்றாயிருந்தது. அதனாலேயே அவ்வுறவு அரை நூற்றாண்டு நீடித்தது.

இத்தோழியர் ஒரே சாதியினர் அல்லர். ஒரே சமயத்தினர் அல்லர். ஒரே நாட்டினரும் அல்லர். அவர்களை ஒன்றாகக் கட்டிய கயிறு வேலை ஒன்றே.

சட்டமன்றத்தில்

1921ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் பம்பாய் மாகாணமும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கின. ஆயினும் சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926இல் தான் கிட்டியது. அக்காலத்தில் அம்மையார் உயர்கல்விக்காக இங்கிலாந்து சென்றிருந்தார். 1926இல் பாரிசில் நடந்த உலக மாதர் மாநாட்டிலும் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்து கொண்டார். தாயகம் திரும்பியதும், மாதர் சங்கத்தாரின் வேண்டுகோளின்படி, சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இடம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவரே. அம்மன்றம் அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

ஆடவர் நிறைந்த அவையில் ஒரே பெண். அவர் தனித்து நின்றாரா? நாற்காலியில் தனித்துத்தான் அமர்ந்தார். ஆயினும் அவர் எழுந்து பேசும் போது அவருக்குப் பின்னே சங்கத்தின் கிளைகள் யாவும் நின்றன. குழந்தை மணத் தடைக்காக அவர் குரல் எழுப்பினால், அதே வாரத்தில் பற்பல ஊர்களில் பெண்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவர். பெண்களின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியதற்கு இவ்வாறு நாடெங்கும் எழுந்த மாதர் குரலும் ஒரு காரணமாகும்.

எனினும் அவர் வாழ்வின் பெரும்போர் வேறு. கோயிலுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தல் வேண்டும் என்று 1927இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். இது அவருக்கு எத்துணைத் துயரம் தந்திருக்கும் என்பதை எண்ணுங்கள். தம் தாயின் குலத்தை அவையின் நடுவே வைத்துப் பேச வேண்டியிருந்தது. பேசாது இருந்திருப்பின், மருத்துவராகவும் மன்றத் துணைத் தலைவராகவும் மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். பேசினார்.

பேசியதோடு நில்லாமல் நோயின் வேரையும் ஆராய்ந்தார். இக்குடும்பங்கள் பலவற்றிற்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. பணியை விட்டால் நிலம் போய்விடும். ஆதலின் வறுமைக்கு அஞ்சி மகளையும் அதே பணிக்கு விடுத்தனர். பணி செய்யாவிடினும் நிலம் அவர்களுக்கே உரியது என்று ஆக்கும் சட்டத் திருத்தம் அம்மையாரின் முயற்சியால் 1929இல் நிறைவேறியது. அறவுரை மட்டும் கூறாமல், அடுப்பெரிய வழியும் செய்து கொடுத்த நுண்ணறிவு இது.

அவரை ஆதரித்தோர் பலர். காந்தியடிகள் தம் ஏட்டில் ஆதரித்து எழுதினார். தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கம் துணை நின்றது. தாமே அவ்வழக்கின் கொடுமையை அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தார்.

எதிர்த்தோரும் சிறியரல்லர். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர் மரபின் பெயரால் மறுத்து உரைத்தார். அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற இசைவாணர் உட்பட அக்குலத்துப் பெண்கள் பலரே அரசினர்க்கு எதிர்ப்பு விண்ணப்பம் அனுப்பினர். தங்கள் கலையும், சொத்துரிமையும், மானமும் ஒருங்கே பழிக்கப்படுவதாக அவர்கள் முறையிட்டனர். அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என்று நாம் எழுதத் துணியோம். இசையையும் நடனத்தையும் வழிவழியாகக் காத்தவர்கள் அவர்கள். பின்னாளில் அக்கலைகள் மேடையேறிப் புகழ் பெற்றபோது அவர்களில் பலருக்கு அம்மேடையில் இடம் இல்லாது போயிற்று. அயர்லாந்துப் பெண்மணியோடு எளிதில் கைகோத்த அம்மையார்க்குத் தம் தாயின் சுற்றத்தாரில் பலரோடு அவ்வாறு கைகோத்தல் கூடவில்லை. ஆயினும் எழுத்தும் அறியாத சிறுமி ஒருத்தி தன் வாழ்நாளைத் தானே தீர்மானிக்க இயலாத வயதில், பிறர் அவளுக்காகத் தீர்மானித்து விடுதல் அறமாகாது என்ற ஒன்றில் அவர் சிறிதும் நெகிழவில்லை. அதில் அவர் கொண்ட கருத்தே சரியென்று நமக்குத் தோன்றுகிறது.

நாற்காலியைத் துறந்த பின்

1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைப் பொறாத அம்மையார் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுத் தடை மசோதாவை அவர் அவையில் வைத்த ஆண்டும் அதுவே. பதவி போயிற்று, மசோதாவும் தேங்கிற்று.

பதவியால் வந்த உறவு பதவியோடு போம். அம்மையாரின் உறவுகள் எவ்வகையின என்பது இனிமேல்தான் விளங்கியது. அவர் ஆசனத்தை விட்டு எழுந்தார். ஆயினும் தோழியர் எவரும் அவரை விட்டு எழவில்லை. 1931இல் இலாகூரில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். 1927இல் நம் மராட்டிய மண்ணில், பூனாவில் முதன்முதலாகக் கூடிய மாநாடு அது. மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் என்னும் ஏட்டின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1934இல் பம்பாய் மாகாணம் தேவதாசிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. சென்னையில் அவர் விதைத்தது 1947ஆம் ஆண்டில் முழுச் சட்டமாக விளைந்தது. அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். பதினேழு ஆண்டுகள் அக்கருத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவரும் அவரோடு நின்றவர்களுமே.

இதனிடையே வேறொரு நிகழ்ச்சி நடந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை ஏற்க நகரத்து மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. அம்மையார் குழு அமைத்து ஆராயவில்லை. தம் வீட்டிலேயே பாய் விரித்தார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. சாதி மத வேறுபாடின்றி ஆதரவற்ற பெண்குழந்தைகள் அங்கே உணவும் கல்வியும் பெற்றனர். அவையில் தாம் கூறிய சொல்லுக்குத் தம் வீட்டையே ஈடாக வைத்தவரிடம், பிறர் நம்பிக்கை வைத்ததில் வியப்பில்லை.

மருத்துவமனை எழுந்த வரலாறு

அம்மையாரின் தங்கை இளவயதில் புற்றுநோயால் மாண்டார். நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படவில்லை. மருத்துவரான தமக்கை அருகிலிருந்தும் காக்க இயலவில்லை. அத்துயரம் அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. தென்னாட்டில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று 1935ஆம் ஆண்டு முதலே சொல்லி வந்தார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அந்நாளில் பலரிடம் இருந்தது.

நம் பம்பாயில் 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்குப் பெருஞ்செல்வர் குடும்பத்தின் அறநிதி இருந்தது. சென்னையில் அம்மையாரிடம் அத்தகைய நிதி இல்லை. மாதர் சங்கமே இருந்தது. 1949இல் அச்சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சிறுகச் சிறுகப் பொருள் திரட்டினர். 1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அப்போது அம்மையார்க்கு வயது 67. பலர் ஓய்வூதியம் வாங்கி, திண்ணையில் சாய்ந்திருக்கும் பருவம்.

அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனைப் பேணி வளர்த்தார். 1955இல் அங்கே வந்து சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும் வரை அந்நிறுவனத்திற்கே தம் வாழ்வை ஈந்தார். தாம் ஏறிய படியிலே பின்வரும் பெண்ணொருத்திக்கும் இடம் வைத்தல் என்னும் அம்மையாரின் கொள்கை, இவ்வாறு அவர் காலத்திற்குப் பின்னும் தழைத்தது.

1956இல் நடுவணரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்களுக்கு முன், அம்மையார் இயற்கை எய்தினார். கருவுற்ற ஏழைத் தாய்மார்க்குத் தமிழ்நாட்டரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

நேயர்களே! பெரியோர் வரலாற்றைப் படித்துப் பெருமூச்செறிந்து மலரை மூடி வைப்பதால் பயனில்லை.

நம் ஆண்டு விழாவை எண்ணிப் பாருங்கள். வாயிலில் கோலமிடுபவர் பெண்கள். இருநூறு பேருக்குச் சாம்பார் சாதம் கிளறுபவர் பெண்கள். பிள்ளைகளுக்குத் திருக்குறளும் நாடகமும் பழக்குபவர் பெண்கள். நன்கொடைச் சீட்டைக் கையிலேந்தி நாம் தயங்கி நிற்கும் கதவுகளைத் தட்டித் திறப்பவரும் அவர்களே. ஆனால் மேடையில் போடும் நாற்காலிகளில் அவர்களுக்கு எத்தனை? செயற்குழுப் பட்டியலில் அவர்கள் பெயர் எத்தனை? இம்மலரின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போர் தாமே விடை காண்க. நாமும் அக்குழுவில் பல ஆண்டுகள் அமர்ந்தவர்களே. ஆதலின் இக்குறையில் நமக்கும் பங்குண்டு. பிறரைக் குறை கூறுதல் நம் எண்ணமன்று.

நம் சகோதரியர்க்கும் ஒரு சொல். தலைமை தேடி வரும் வரை காத்திருத்தல் வேண்டா. அம்மையாரைப் போலத் தத்தம் தொழிலை முன்வைத்து வாருங்கள். உங்களுள் செவிலியர் உளர், ஆசிரியைகள் உளர், வங்கியில் கணக்கெழுதுவோர் உளர், வீட்டிலிருந்தே தையற்றொழில் நடத்துவோர் உளர். பரேலுக்குச் செல்லும் நோயாளிக்கு இன்று தனித்தனியே செய்யும் உதவியை, பெயரும் முறையும் வகுத்து ஒரு பணியாகச் செய்யலாம். எவர் எந்நாளில் துணை செல்வது, எவர் வீட்டில் தங்க வைப்பது என்று ஒரு குறிப்பேடு போதும். அண்டை வீட்டு மராட்டியச் சகோதரியையும், மலையாளச் சகோதரியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கருத்தில் மாறுபடுபவரையும் விலக்கி விடாதீர்கள். நம் அம்மையார்க்கே முழுதும் கைகூடாத செயல் அது. ஆதலின் நாம் அதில் இன்னும் முயலுதல் வேண்டும்.

அடுத்த ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் செயற்குழுவினர் பெயர்களை அச்சிடும் போது, சகோதரியர் பெயர்களும் அதில் இடம் பெறுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!